சீட்டுக் கட்டில் ஒரு சிற்றுலகம்

ஜப்பானிலுள்ள லோட்டே என்னும் மிட்டாய்க் கம்பெனியார், 'பிக்குரிமான்' என்ற பெயரில் 30 யென்னுக்கு விற்றுவந்த சாக்லேட் வேஃபரின் உறைக்குள், தேவதூதர்களும் பேய்களும் ஒருவரோடொருவர் பொருதும் கற்பனைப் போரொன்றின் பாத்திரங்களைத் தீட்டிய சிறிய ஒட்டுப்படங்களை 1985-ஆம் ஆண்டில் வைக்கத் தொடங்கினார்கள். அந்தப் படங்களின்மீது எழுந்த மோகம் எவ்வளவு தூரம் சென்றதென்றால், உறையைப் பிரித்துப் படத்தை மட்டும் பத்திரப்படுத்திக்கொண்டு தின்பண்டத்தை எறிந்துவிட்டுப் போகும் பிள்ளைகளைக் குறித்துப் பெரியவர்கள் தேசமெங்கும் விசனப்பட்டார்கள். 1988-ல் அந்நாட்டின் நியாய வர்த்தக ஆணையமே தலையிட்டு, அரிய படமென்றும் சாதாரணப் படமென்றும் மதிப்பில் பெருத்த ஏற்றத்தாழ்வு வைக்கலாகாதென்று வற்புறுத்தவேண்டியதாயிற்று. இதற்கும் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1970-களின் தொடக்கத்தில், கால்பீ கம்பெனியார் 'கமேன் ரைடர்' என்ற தொலைக்காட்சி வீரனின் படமிட்ட அட்டைகளை நொறுக்குத் தீனியோடு கொடுத்தபோதும் இதே காட்சி அரங்கேறியிருந்தது.

அந்தப் பிள்ளைகள் உண்மையில் எதை விலைகொடுத்து வாங்கினார்கள்? தின்பண்டத்தை அல்லவென்பது வெளிப்படை. படத்தையா என்றால், அதுவும் முழு விடையாகாது. ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் அந்தப் பாத்திரத்தைப் பற்றி இரண்டொரு வாக்கியங்கள் அச்சாகியிருந்தன. தனியாகப் படித்தால் பொருள் விளங்காத அந்தத் துணுக்குகளைப் பலவாகச் சேர்த்து அடுக்கிப் பார்க்கும்போதுதான், எந்தப் புத்தகத்திலும் முழுமையாக எழுதப்படாத ஒரு பெருங்கதை கொஞ்சங்கொஞ்சமாக உருவெடுத்தது. ஓட்ஸுகா எய்ஜி என்னும் விமர்சகர் 1989-ல் எழுதிய நூலொன்றில் இதைக் கூர்ந்து ஆராய்ந்து, குழந்தைகள் நாடியது கையிலிருந்த படத்துக்கும் அப்பால் அதன் பின்னே மறைந்திருந்த உலகத்தையே என்று முடிவு கட்டினார். அனிமே பாணியில் வரையப்பட்ட பாத்திரங்களைச் சீட்டுகளாகச் சேகரித்து, அச்சீட்டுகளைக் கொண்டே போர் புரியும் இன்றைய கணினி விளையாட்டுகளின் வசீகரத்தை ஆராயப் புகும் நமக்கு, அந்த மிட்டாய் உறையைவிடச் சிறந்த வாசல் கிடையாது.

இவ்விளையாட்டுகளில் ஒன்றையும் கண்டிராத வாசகருக்காக அவற்றின் பொது அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கணக்கான வீரர்கள், மந்திரவாதிகள், தெய்வங்கள், மிருகங்கள் ஆகியோர் ஆளுக்கொரு சீட்டாக இருக்கிறார்கள். ஒவ்வொரு சீட்டிலும் அழகிய சித்திரமும், தாக்கும் வலிமை, தாங்கும் வலிமை முதலிய சில எண்களும், அந்தப் பாத்திரத்துக்கே உரிய ஒரு விசேஷ சக்தியும் குறிக்கப்பட்டிருக்கும். ஆடுபவர் தம்மிடமுள்ள சீட்டுகளிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து ஒரு படையாகவோ கட்டாகவோ அமைத்து, கதையின் ஒவ்வொரு கட்டத்திலும் எதிர்ப்படும் பகைவரோடும், பிறகு தம்மைப் போன்ற பிற மனிதர்களோடும் மோதுகிறார். வெற்றியால் சீட்டுகளின் அனுபவம் வளர்கிறது. வளர வளர எண்கள் உயர்கின்றன, சில சமயம் சித்திரமே மாறி மேலும் பொலிவடைகிறது. புதிய சீட்டுகள் பெரும்பாலும் குலுக்கலினால் கிடைக்கின்றன. கடைவாசலில் காசைப் போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஏதோவொரு பொம்மையை உள்ளடக்கிய பிளாஸ்டிக் உருண்டையைத் தள்ளும் இயந்திரத்தின் பெயரால், இந்தக் குலுக்கலைக் 'காச்சா' என்று வழங்குகிறார்கள்.

சீட்டு ஜப்பானுக்கு 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய மாலுமிகளோடு வந்து சேர்ந்தது. இன்று உலகமறிந்த நின்டெண்டோ நிறுவனம், 1889-ல் கியோட்டோ நகரில் மலர்ச் சித்திரங்கள் தீட்டிய 'ஹனபுடா' சீட்டுகளைச் செய்து விற்கும் தொழிலகமாகத்தான் பிறந்தது. ஆயினும் நாம் பேசும் விளையாட்டுகளின் நேரான மூலபுருஷர் ஓர் அமெரிக்கக் கணித அறிஞர். சேர்க்கையியல் என்னும் கணிதத் துறையில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற ரிச்சர்ட் கார்ஃபீல்ட் 1993-ல் வெளியிட்ட 'மேஜிக்: தி கேதரிங்', சீட்டாட்டத்தின் சரித்திரத்தில் இரண்டு புதுமைகளைப் புகுத்தியது. இருவரும் ஒரே கட்டிலிருந்து சீட்டு எடுக்கும் பழைய வழக்கத்தை விட்டு, அவரவர் தாமே தொகுத்த கட்டோடு மேசைக்கு வரவேண்டும் என்பது ஒன்று. ஆட்டத்தின் பொதுவிதியும் ஒரு சீட்டில் எழுதியிருக்கும் வாசகமும் முரண்பட்டால் சீட்டின் வாசகமே செல்லும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது ஏற்பாட்டின் ஆழத்தைச் சிந்திக்கச் சிந்திக்க எனக்கு வியப்பு பெருகுகிறது. ஒவ்வொரு சீட்டும் தன்னோடு ஒரு சிறு சட்டத்தையே கொண்டுவருவதால், புதிய சீட்டொன்று சேரும்போது ஆட்டம் தன் இயல்பையே சிறிது மாற்றிக்கொள்கிறது. ஆடி முடித்தாயிற்று, இனி அறிய ஒன்றுமில்லை என்று சொல்லும் நாள் வருவதேயில்லை.

1996-ல், கற்பனைப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் 'போக்கேமான்' என்ற விளையாட்டு வந்தது. அதைப் படைத்த தஜிரி சத்தோஷி, இளமையில் தோக்கியோவின் புறநகரான மச்சிடாவின் குளங்களிலும் தோப்புகளிலும் பூச்சி பிடித்துத் திரிந்தவர். நகரம் விரிந்து அந்த இடங்களையெல்லாம் விழுங்கிவிட்ட பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கும் அந்த இன்பம் கிட்டவேண்டுமென்பது அவருடைய ஆவல். சிவப்பு, பச்சை என இரு பதிப்புகளாக வெளியிட்டு, ஒன்றிலுள்ள சில பிராணிகள் மற்றதில் அகப்படாதபடி அமைத்து, இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்துப் பரிமாறிக்கொண்டாலொழியத் தொகுப்பு நிறைவுபெறாது என்று அவர் செய்த யுக்தி, சேகரிப்பு என்னும் தனிமையான பழக்கத்தை நட்புக்கு உரியதாக்கியது. அதே ஆண்டில் அதன் சீட்டாட்டமும் வெளிவந்தது. தக்கஹாஷி கஸுக்கி வரைந்த 'யூ-கி-ஓ!' சித்திரக்கதையில் வரும் சீட்டுப் போர்களை கொனாமி நிறுவனம் 1999-ல் மெய்யான சீட்டாட்டமாக வெளியிட்டது. பத்தாண்டு கழித்துக் கைபேசி எல்லார் கையிலும் ஏறியபோது, 'டிராகன் கலெக்‌ஷன்', 'ரேஜ் ஆஃப் பஹாமுத்', 'ஐடல்மாஸ்டர் சிண்டிரெல்லா கேர்ள்ஸ்' என வரிசையாக வந்தவை அட்டையை ஒளித்திரைக்கு மாற்றின.

இவற்றின் வசீகரத்தில் முதலில் முகத்தைப் பார்ப்போம். ஏனெனில் பார்ப்பவரை முதலில் ஈர்ப்பது முகந்தான். அனிமே முகங்களின் விழிகள் இயற்கையில் எந்த மனிதருக்கும் வாய்க்காத அளவு பெரியன, நெற்றி அகன்றது, மூக்கு ஒரு சிறு கோடு, முகவாய் சிறுத்தது. இந்தப் பாணிக்கு வழிவகுத்த தெசுக்கா ஒசாமு, டிஸ்னியின் சித்திரங்களில் ஊறியவர். பெண்களே எல்லா வேடங்களையும் தாங்கி நடிக்கும் நாடகக் குழுவுக்குப் புகழ்பெற்ற தக்கராஸுக்கா நகரில் வளர்ந்தவர். அவர் கையில் கலையாக மலர்ந்தது எதைத் தொடுகிறது என்பதை விலங்கு நடத்தையை ஆராய்ந்த விஞ்ஞானிகள் வேறொரு மார்க்கமாகக் கண்டறிந்திருந்தார்கள். பெரிய தலை, புடைத்த நெற்றி, முகத்தின் நடுவுக்குக் கீழே அமைந்த பெரிய கண்கள், உருண்ட கன்னம் ஆகிய லட்சணங்களைக் கண்டமாத்திரத்தில் நம் உள்ளத்தில் வாத்சல்யம் சுரக்கிறதென்று கொன்ராட் லோரன்ஸ் 1943-ல் எழுதினார். குழந்தை முகங்களின் புகைப்படங்களில் இந்த லட்சணங்களை வேண்டுமென்றே மிகுத்தும் குறைத்தும் காட்டிப் பெண்களின் மூளையைப் படம்பிடித்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியாயிற்று. லட்சணம் மிகுந்த முகத்தைக் காணும்போது, இன்பத்தையும் ஆவலையும் தூண்டும் மூளைப் பகுதி அதிகமாக இயங்கியதென்று அது காட்டியது.

மிகைப்படுத்தியது எப்படி இயற்கையையே வென்றுவிடுகிறது என்பதை நிக்கோ டின்பெர்கனின் கடற்பறவைக் குஞ்சுகள் நமக்குச் சொல்லித்தருகின்றன. ஹெரிங் கல் என்னும் பறவையின் மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு. குஞ்சு அதைக் கொத்தினால் தாய் இரையைக் கக்கிக் கொடுக்கும். டின்பெர்கனும் பெர்டெக்கும் செய்த சோதனையில், தாயின் தலையைப் போலவே செய்த உருவத்தைவிட, வெண்ணிற வளையங்கள் இட்ட மெல்லிய சிவப்புக் குச்சியையே குஞ்சுகள் அதிகமாகக் கொத்தின. குச்சி எந்தப் பறவையைப் போலவும் இல்லை. ஆனால் குஞ்சின் மனம் எந்தக் குறிகளைத் தேடியதோ அந்தக் குறிகள் மட்டும் அதில் செறிந்திருந்தன. அனிமே சித்திரம் மனித முகத்துக்குச் செய்வதும் ஏறக்குறைய இதுவேயென்று நான் கருதுகிறேன். உணர்ச்சியைக் காட்டும் கண்ணும் புருவமும் வாயும் பெருக்கப்பட்டு, எஞ்சியவை நீக்கப்படுவதால், தீப்பெட்டி அளவே உள்ள சீட்டில்கூட ஒரு பாத்திரத்தின் சோகத்தையும் செருக்கையும் நாம் ஒரு நொடியில் படித்துவிடுகிறோம்.

அஸுமா ஹிரோக்கி என்னும் சிந்தனையாளர் 2001-ல் இதற்கு மேலும் ஒரு படி சென்றார். பூனைக் காது, பணிப்பெண் உடை, ஒரு விசித்திரமான கூந்தற்கற்றை முதலிய கூறுகள் பெரியதொரு களஞ்சியத்தில் கிடப்பதாகவும், பாத்திரங்கள் அக்கூறுகளின் சேர்க்கையாகவே பிறப்பதாகவும், ரசிகர்கள் அந்தச் சேர்க்கையை உணர்ந்தே ரசிப்பதாகவும் அவர் வாதித்தார். இக்கருத்து முழுவதையும் நான் ஏற்கவில்லை. கூறுகளைப் பிரித்துப் பட்டியலிட்டுவிட்டால் பாத்திரத்தின் உயிர் எங்கே இருக்கிறதென்ற வினா எஞ்சி நிற்கிறது. 'சிண்டிரெல்லா கேர்ள்ஸ்' விளையாட்டில் தொடக்கத்தில் வெறும் படமும் சில வரி வசனமுமாக இருந்த பெண்களில், ரசிகர்களின் அபிமானம் பெற்றவர்களுக்குப் பிறகு நடிகையரின் குரல் ஒவ்வொன்றாகக் கிடைத்தது; ஆண்டுதோறும் வாக்கெடுப்பே நடந்தது. தாம் நேசிக்கும் ஊமைச் சித்திரம் ஒரு நாள் வாய் திறந்து பேசவேண்டுமென்பதற்காக ஆயிரமாயிரம் பேர் வாக்களித்தார்கள் என்றால், அவர்கள் கூறுகளின் சேர்க்கையைத்தான் நேசித்தார்கள் என்று சொல்லி அமைய என் மனம் ஒப்பவில்லை.

இனி குலுக்கலுக்கு வருவோம். ஃபெர்ஸ்டர், ஸ்கின்னர் என்னும் உளவியல் அறிஞர்கள் 1957-ல் வெளியிட்ட பெருநூலில், புறாக்கள் பொத்தானைக் கொத்தும் வேகத்தை விதவிதமான வெகுமதி முறைகளில் அளந்து காட்டினார்கள். குறிப்பிட்ட எண்ணிக்கை கொத்தினால் தானியம் என்றிருக்கும்போது, தானியம் கிடைத்தவுடன் புறா சற்று ஓய்கிறது; எத்தனை கொத்துக்குத் தானியம் என்பது நிச்சயமில்லாமல் மாறிக்கொண்டேயிருக்கும்போதோ ஓய்வேயின்றிக் கொத்துகிறது. பின்னர் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்னும் ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பணுக்களைக் கவனித்தார். எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழரசம் கிடைத்தால் அவை துடித்தெழும். பழரசத்துக்கு முன் ஓர் அடையாளம் தவறாமல் காட்டப்படுமாயின், நாளடைவில் துடிப்பு பழரசத்தை விட்டு அடையாளத்துக்கு இடம்பெயரும். அடையாளம் தோன்றியும் பழரசம் வராவிட்டால், வரவேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்துக்கும் கீழே தாழும். 2003-ல் அவரும் தோழர்களும் மேலும் ஒன்றைக் கண்டார்கள்: வெகுமதி வருமா வராதா என்பது சரிபாதி ஐயமாக இருக்கும்போது, அடையாளத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட அந்தக் காத்திருப்பிலேயே அணுக்களின் இயக்கம் படிப்படியாக ஏறி உச்சத்தை அடைகிறது.

இந்த ஆய்வைப் படித்தவர் காச்சாவின் திரையை ஒரு முறை பார்த்தால் போதும். பொத்தானை அழுத்தியவுடன் சீட்டு வருவதில்லை. வானம் பிளக்கிறது, ஒளிவட்டங்கள் சுழல்கின்றன, அவற்றின் நிறம் நீலமா, பொன்னா, வானவில்லா என்பதைக்கொண்டு வரப்போகும் சீட்டின் அருமை முன்னதாகவே சூசகமாக உணர்த்தப்படுகிறது. சில நொடிகளே நிகழும் அந்தச் சடங்கு, அடையாளத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள காலத்தை வேண்டுமென்றே நீட்டி வைத்திருப்பதாகும். விளையாட்டை அமைத்தவர்கள் நரம்பியல் படித்துத்தான் இதைச் செய்தார்கள் என்று கருதவேண்டியதில்லை. எந்தக் காத்திருப்பு மனிதனைக் கட்டிப்போடுகிறதென்பதை வியாபாரம் அனுபவத்தாலேயே கற்றுக்கொள்ளும்.

கணிதமோ உணர்ச்சிக்குச் செவிசாய்ப்பதில்லை. ஓர் அரிய சீட்டு நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கிடைக்குமென்று வைத்துக்கொள்வோம். 2015-ல் வெளிவந்த 'ஃபேட்/கிராண்ட் ஆர்டர்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டில் ஐந்து நட்சத்திர வீரர் கிடைக்கும் விகிதம் இதுவே. நூறு முறை குலுக்கினால் நிச்சயம் ஒன்று வந்துவிடுமென்று மனம் நம்புகிறது. ஆனால் நூறு பேர் ஆளுக்கு நூறு முறை குலுக்கினால் அவர்களில் சுமார் 37 பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். முந்நூறு முறை குலுக்கிய பிறகும் ஐந்து பேருக்கு ஒன்றும் அகப்பட்டிராது. இத்தனை முறை தோற்றாயிற்றே, அடுத்தது வந்தே தீரவேண்டுமென்று அவர்கள் எண்ணுவது இயல்பே. எனினும் குலுக்கலுக்கு ஞாபகசக்தி கிடையாது. நூற்றோராவது குலுக்கலும் முதல் குலுக்கலைப் போலவே நூற்றுக்கு ஒன்றுதான்.

இதைவிடக் கொடிய ஒரு கணக்கு, தொகுப்பை முடிப்பதில் இருக்கிறது. லப்லாஸ் முதலிய மேதைகள் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்த கணக்கு அது. பத்து வகைச் சீட்டுகள் சம வாய்ப்போடு வருகின்றனவென்றால், பத்தையும் சேர்க்கச் சராசரியாக எத்தனை குலுக்கல் வேண்டும்? முதல் சீட்டு எதுவாயினும் புதியதே. இரண்டாவது பெரும்பாலும் புதியது. போகப்போகப் பழையதே திரும்பத் திரும்ப வரும். கூட்டிப் பார்த்தால் சுமார் 29 குலுக்கல் ஆகிறது. அதில் கடைசிச் சீட்டு ஒன்றுக்கு மட்டுமே சராசரி பத்துக் குலுக்கல், அதாவது முழு உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்பது சீட்டுகளைச் சேர்த்துவிட்டுப் பக்கத்தில் வந்துவிட்டோமென்று ஒருவர் பூரிக்கும் கட்டத்தில், மேலும் பத்துக் குலுக்கலின் செலவு அவருக்குக் காத்திருக்கிறது. அரைகுறையாய் நிற்கும் காரியம் மனத்தை அரித்துக்கொண்டேயிருக்கும் சுபாவமுடையதாதலால், அந்தக் கட்டத்தில் எழுந்து போவது யாருக்கும் எளிதன்று.

ஜப்பானியக் கைபேசி விளையாட்டுகள் இந்தக் கணக்கை அப்படியே வியாபாரமாக்கின. குறிப்பிட்ட சில சீட்டுகளைக் காச்சாவில் சேர்த்து முடித்தவருக்கு மட்டும் வேறெங்கும் கிடைக்காத ஓர் அபூர்வச் சீட்டைப் பரிசளிக்கும் அம்முறையைக் 'கம்ப்ளீட் காச்சா' என்றார்கள். 2012 மே மாதம் அந்நாட்டின் நுகர்வோர் விவகார முகமை இதைச் சட்டவிரோதமென்று அறிவித்தது. செய்தி பரவிய உடனேயே கிரீ, டி.என்.ஏ. (DeNA) என்னும் கைபேசி விளையாட்டு நிறுவனங்களின் பங்கு விலை சரிந்தது. ஜூலை முதல் தேதியிலிருந்து தடை நடைமுறைக்கு வந்தது. இதில் என் கருத்தை மிகவும் கவர்வது, அதற்கென்று புதிய சட்டம் எதுவும் இயற்றவேண்டியிராததேயாகும். வெவ்வேறு படங்களையோ எழுத்துகளையோ குறித்தபடி ஒன்றுசேர்த்துக் கொண்டுவருபவருக்குப் பரிசளிப்பதைத் தடுக்கும் விதி 1977-ஆம் ஆண்டிலிருந்தே இருந்தது. மிட்டாய் உறையிலிருந்து குழந்தைகளைக் காக்க எழுதிய அவ்விதி, ஒரு தலைமுறை கழித்துக் கைபேசிக்கும் பொருந்திற்று. ஏனெனில் கணக்கு இரண்டிலும் ஒன்றே.

2016 ஜனவரியில் 'கிரான்ப்ளூ ஃபேண்டசி' என்ற விளையாட்டில் ஒரே ஒரு பாத்திரத்துக்காக ஒருவர் பல லட்சம் யென் செலவழித்துக் குலுக்கிய காட்சி நேரலையாகப் பரவி, மக்களிடையே பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அதன்பின் அவ்விளையாட்டில் உச்சவரம்பு வகுக்கப்பட்டது: முந்நூறு முறை குலுக்கியவர் தாம் விரும்பும் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். குலுக்கல் ஒன்றுக்கு 300 யென் வீதம் இது 90,000 யென் ஆகிறது. ஒரு சித்திரத்துக்கு இது தாங்கமுடியாத விலை என்பதே என் திடமான அபிப்பிராயம். பெற்றோர் பார்வையில் படாமல் பிள்ளைகள் கையில் இருக்கும் கருவியில் இத்தகைய வரம்பைப் பாதுகாப்பென்று கூறுவதும் பொருந்தாது. ஆயினும் எல்லையே இல்லாதிருந்த இடத்தில் ஓர் எல்லை தோன்றியதும், விகிதங்களை வெளிப்படையாக அறிவிக்கவேண்டுமென்ற சீனாவின் விதி 2017-ல் நடைமுறைக்கு வந்ததும் உண்மையான முன்னேற்றங்களே.

இவ்வளவையும் சொன்ன பிறகு ஒரு வினா எழுகிறது. குலுக்கலின் பரபரப்புத்தான் இவ்விளையாட்டுகளின் வசீகரம் முழுவதும் என்றால், சீட்டும் சித்திரமும் கதையும் எதற்கு? வெறும் லாட்டரிச் சீட்டே போதுமே. குலுக்கல் மனிதரை அழைத்துவருகிறது, ஆனால் ஆண்டுக்கணக்கில் அமர்த்தி வைப்பது வேறொன்று என்பதே நான் இந்த அத்தியாயத்தில் நிலைநாட்ட விரும்புவது. கிடைத்ததைக் கொண்டு ஒன்றைக் கட்டியெழுப்பும் இன்பமே அது. பெறுவதில் உள்ள சந்தோஷத்துக்கும் கோப்பதில் உள்ள சந்தோஷத்துக்கும் ஊற்றுக்கண் வேறு.

வளர்த்தெடுத்த சீட்டின்மீது பற்று உண்டாவதை முதலில் குறிப்பிடவேண்டும். கானெமான், நெட்ஷ், தேலர் ஆகியோர் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப்பேருக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்து, அவற்றை என்ன விலைக்கு விற்பார்களென்றும், கோப்பை பெறாதவர்கள் என்ன விலைக்கு வாங்குவார்களென்றும் கேட்டார்கள். சற்று முன்புதான் கைக்கு வந்த பொருளுக்கு உடையவர்கள் கேட்ட விலை, மற்றவர்கள் கொடுக்க முன்வந்த விலையைப் போல் சுமார் இருமடங்காக இருந்தது. சில நிமிஷம் உடைமையாயிருந்த கோப்பைக்கே இத்தகைய மதிப்பென்றால், முதல் நாளில் வலிமையற்ற சாமானியச் சீட்டாகக் கிடைத்து, தோல்வியிலும் வெற்றியிலும் கூடவே நின்று, மாதக்கணக்கில் வளர்ந்து உயர்ந்த ஒரு பாத்திரத்துக்கு எத்தகைய மதிப்பு இருக்கும்! பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளின் பழைய இன்பமாகிய இந்த வளர்ச்சி, சீட்டின் எண்களில் பிரத்தியட்சமாகத் தெரிகிறது.

அடுத்தது கட்டு அமைக்கும் கலை. யூ-கி-ஓ சீட்டாட்டத்தில் கட்டு நாற்பது சீட்டுக்குக் குறையாமலும் அறுபதுக்கு மிகாமலும் இருக்கவேண்டும். ஒரே சீட்டை மூன்று பிரதிகளுக்கு மேல் வைக்கலாகாது. தொடக்கத்தில் கையில் ஐந்து. புதிதாக ஆடவருபவர் தமக்குப் பிடித்தவற்றையெல்லாம் திணித்து அறுபதை நிரப்புகிறார். கணக்கைப் பாருங்கள்: நாற்பது சீட்டுக் கட்டில் மூன்று பிரதிகள் வைத்த ஒரு சீட்டு முதல் கையிலேயே வர நூற்றுக்குச் சுமார் 34 வாய்ப்பு, அறுபதானால் அது 23 ஆகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே தேர்ந்தவர் நல்ல சீட்டுகளையும்கூட விலக்குகிறார். தன்னளவில் சிறந்தது வேறு, இந்தக் கட்டுக்கு வேண்டியது வேறு என்பதைப் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் தோல்விகளின் வாயிலாகத் தாமே உணர்ந்து தெளிகிறார்கள். நிகழ்தகவைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது கொட்டாவி விட்ட அதே சிறுவர்கள்தாம் அவர்கள்.

ஒரு சீட்டின் பொருள் மற்றச் சீட்டுகளைப் பொறுத்தே அமைகிறது. ஆட்டத்தில் வீழ்ந்த சீட்டுகள் சேரும் இடுகாட்டுக் குவியலிலிருந்து வீரனை மீட்கும் சீட்டு தனியே பயனற்றது. வீரனை வேண்டுமென்றே அக்குவியலுக்கு அனுப்பும் வேறொரு சீட்டோடு சேர்ந்தால் அது படையின் உயிர்நாடி. சேஸும் சைமனும் 1973-ல் சதுரங்க வல்லுநர்களைச் சோதித்தபோது, மெய்யான ஆட்டத்தின் நிலையை ஐந்து நொடி காட்டினால் வல்லுநர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்து அடுக்கிவிடுவதையும், காய்களைத் தாறுமாறாக வைத்துக் காட்டினால் அவரும் சாமானியரைப் போலவே திணறுவதையும் கண்டார்கள். வல்லுநர் தனிக் காய்களைக் காண்பதில்லை. ஒன்றோடொன்று உறவு பூண்ட தொகுதிகளைக் காண்கிறார். சீட்டுப் போரில் பழகியவரும் கையிலுள்ள ஐந்தில் ஐந்து சித்திரங்களைப் பார்ப்பதில்லை. இன்னும் இரண்டு முறையில் நிகழப்போகும் ஒரு தொடரைப் பார்க்கிறார். அந்தப் பார்வை தமக்கு வாய்த்துவிட்டதென்று அவர் உணரும் தருணத்தின் மகிழ்ச்சி, எந்த வானவில் ஒளியாலும் ஈடுசெய்ய முடியாதது.

மூன்றாவதாகப் போரின் சமநிலை. நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும், நீர் நெருப்பை வெல்லும் என்ற சுழற்சி இவ்விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடித்தளம். குழந்தைத்தனமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை இயற்கையே பயின்று வைத்திருக்கிறது. கலிபோர்னியாவில் வாழும் ஒரு சிறிய பல்லியினத்தில் ஆண்களுக்குத் தொண்டை மூன்று நிறத்தில் அமைகிறது. ஆரஞ்சுத் தொண்டையன் முரட்டுத்தனத்தால் பரந்த நிலப்பரப்பைப் பிடித்துக்கொண்டு நீலத்தொண்டையனைத் துரத்துகிறது. பெண்பல்லியின் சாயல் கொண்ட மஞ்சள் தொண்டையன், பரப்பு பெரிதாகையால் காவல் தளர்ந்த ஆரஞ்சுத் தொண்டையனின் எல்லைக்குள் கள்ளமாகப் புகுந்து துணை தேடுகிறது. தன் துணையை நெருங்கியிருந்து காக்கும் நீலத்தொண்டையனிடம் மஞ்சளின் கள்ளம் பலிப்பதில்லை. 1990 முதல் 1995 வரை இவற்றைக் கணக்கெடுத்த சினெர்வோவும் லைவ்லியும், எந்த நிறம் பெருகியதோ அதை வெல்லவல்ல நிறம் அடுத்துப் பெருகி, ஏறக்குறைய ஆறாண்டில் சுழற்சி தொடங்கிய இடத்துக்கே திரும்புவதை 1996-ல் அறிவித்தார்கள்.

சீட்டுப் போராளிகளின் சமூகத்திலும் இதே அலை வீசுகிறது. வேகமாகத் தாக்கும் கட்டு ஒரு பருவத்தில் ஓங்கினால், அடுத்த பருவத்தில் தற்காப்புக் கட்டுகள் பெருகுகின்றன. தற்காப்பு மலிந்த இடத்தில், மெதுவாகப் பெருஞ்சக்தியைத் திரட்டும் கட்டு தழைக்கிறது. அது தழைத்தவுடன் வேகத் தாக்குதலுக்கு மறுபடியும் வேளை வருகிறது. விளையாட்டை நடத்துபவர்களின் சாமர்த்தியத்துக்கு இதுவே உரைகல். பணம் பண்ணும் நோக்கத்தோடு, சென்ற மாதத்தைவிட எண்ணில் பெரிய சீட்டை ஒவ்வொரு மாதமும் வெளியிடுபவர்கள் இந்த வட்டத்தை உடைத்து ஏணியாக்கிவிடுகிறார்கள். ஏணியில் கீழ்ப்படிகளுக்குப் பயனில்லையாதலால், நேற்று அரும்பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் இன்று குப்பையாகிறது, ஆடுபவர் மறுபடியும் குலுக்கலுக்கே ஓடவேண்டியிருக்கிறது. வட்டத்தைப் பேணத் தெரிந்தவர்கள், ஓங்கிய கட்டுக்குப் பகையான ஒரு சிறு சீட்டை வெளியிடுகிறார்கள், அல்லது அளவு கடந்து ஓங்கியதைத் தடைப்பட்டியலில் சேர்க்கிறார்கள். அப்படிப் பேணப்படும் ஆட்டத்தில், மூன்றாண்டுக்கு முன் மிகச் சாதாரணமாகக் கிடைத்து மூலையில் கிடந்த ஒரு சீட்டு, புதிதாக வந்த வேறொன்றின் உறவால் திடீரென்று இன்றியமையாததாகிவிடுவதுண்டு; அதைத் தம் தொகுப்பில் தேடியெடுத்துக் கட்டில் சேர்த்துக்கொள்பவர் அன்றைக்கு எதையும் குலுக்கவேண்டியதில்லை.